மறுக்கும் உரிமை எதுவரை?

மதச் சுதந்திரமும் தன்பாலீர்ப்பாளர் உரிமையும் அன்றாட வாழ்வில் பெரும்பாலும் உரசிக்கொள்வதில்லை. ஒரு வழிபாட்டுத் தலத்தில் என்ன போதிக்கப்பட்டாலும், அடுத்த தெருவில் இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ சேர்ந்து குடும்பம் நடத்த அது தடையாவதில்லை. அவர்கள் குடும்பம் நடத்துவதால் யாருடைய தொழுகையும் செபமும் நின்றுபோவதுமில்லை. கடை, தங்கும் விடுதி, திருமணப் பதிவு அலுவலகம் என இரு தரப்பும் நேருக்கு நேர் நிற்க வேண்டிய இடங்களில்தான் சிக்கல் பிறக்கிறது. ஒருவர் கேட்கிறார், மற்றவர் தம் நம்பிக்கையைச் சொல்லி மறுக்கிறார். அந்த மறுப்பைச் சட்டம் எதுவரை ஏற்கலாம் என்பதற்கு, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த சில வழக்குகள் ஓரளவு தெளிவான விடை தருகின்றன.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஒரு கிறிஸ்தவத் தம்பதி சிறு விடுதி நடத்திவந்தனர். இருவர் படுக்கும் கட்டில் உள்ள அறை, மணமான ஆண் பெண் இணைக்கு மட்டுமே என்பது அவர்கள் வைத்திருந்த விதி. 2008-இல் முன்பதிவு செய்துவிட்டு வந்து சேர்ந்த இரண்டு ஆண்களுக்கு அங்கே அறை மறுக்கப்பட்டது. அவர்கள் சட்டப்படி பதிவு செய்துகொண்ட இணையர். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. விடுதிக்காரர்களின் நம்பிக்கை உண்மையானது என்பதை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் 2013-இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே வந்தது. பொதுமக்களுக்கு அறை வாடகைக்கு விடுபவர், வந்தவர் யார் என்று பார்த்துக் கதவைச் சாத்த முடியாது.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் நடந்தது வேறு வகை. 2014-இல் தன்பாலீர்ப்பாளரான ஒருவர் ஆஷர்ஸ் என்னும் பேக்கரியில் 36 பவுண்டு 50 பென்ஸ் கொடுத்து ஒரு கேக் கேட்டார். அதன் மேல் ‘சீசேமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சியின் பெர்ட், எர்னி பொம்மைகளின் படமும், ஒருபால் திருமணத்தை ஆதரிக்கக் கோரும் வாசகமும் இருக்க வேண்டும் என்றார். பணத்தை வாங்கிக்கொண்ட கடைக்காரர்கள், சில நாளில் தொலைபேசியில் அழைத்து, அந்த வாசகத்தை எழுதத் தங்கள் மதம் இடம்தராது என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தந்தனர். கீழ் நீதிமன்றங்கள் இதைப் பாகுபாடு என்றன. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை மாற்றினர். அதே வாசகத்தை யார் கேட்டிருந்தாலும் கடை மறுத்திருக்கும். மறுப்பு வாசகத்தின் மீதானது, வந்தவர் மீதானது அல்ல என்பது அவர்கள் கண்ட வேறுபாடு. தாம் நம்பாத கருத்தைத் தம் கையால் எழுதும்படி ஒரு குடிமகனைச் சட்டம் வற்புறுத்தக் கூடாது என்றது தீர்ப்பு.

விடுதி வழக்கிலும் கேக் வழக்கிலும் முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் ஒரே நீதிபதி, பிரெண்டா ஹேல். ஒன்றில் நம்பிக்கையாளர் தோற்றார், மற்றதில் வென்றார். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ஆளை விலக்குவது பாகுபாடு. ஒரு கருத்தைச் சொல்ல மறுப்பது பேச்சுரிமை.

இந்தக் கோடு எப்போதும் இவ்வளவு நேராக அமைவதில்லை. 2012-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சார்லி கிரெய்க், டேவிட் மலின்ஸ் ஆகிய இருவர் தங்கள் திருமண விருந்துக்குக் கேக் கேட்டு மாஸ்டர்பீஸ் கேக்‌ஷாப் என்னும் கடைக்குப் போனார்கள். கிரெய்க்கின் தாயும் உடன் இருந்தார். பிறந்தநாள் கேக், பிஸ்கட் எது வேண்டுமானாலும் தருவேன், ஒருபால் திருமணத்துக்கு மட்டும் கேக் செய்வதில்லை என்றார் உரிமையாளர் ஜாக் ஃபிலிப்ஸ். கேக்கின் வடிவம், வாசகம் பற்றிப் பேச்சே எழவில்லை. தாயின் எதிரே ஒரு மகன் திருப்பி அனுப்பப்படுவது சிறிய அவமானமாகாது. மாநிலத்தின் குடிமை உரிமைகள் ஆணையம் இணையர் பக்கம் நின்றது. ஆனால் 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த ஆணையை ரத்து செய்தது. விசாரணையின்போது ஆணைய உறுப்பினர் ஒருவர், மதச் சுதந்திரம் என்ற வாதத்தை அடிமை முறைக்கும் யூத இன அழிப்புக்கும் சொல்லப்பட்ட நியாயங்களோடு சேர்த்துப் பேசியிருந்தார். அரசு ஒருவரின் மதத்தை இகழ்ந்துகொண்டே அவருக்கு நீதி வழங்க முடியாது என்றது நீதிமன்றம். இதை எழுதிய நீதிபதி அந்தனி கென்னடிதான் 2015-இல் ஒருபால் திருமணத்தை நாடு முழுவதும் செல்லுபடியாக்கிய தீர்ப்பையும் எழுதியவர். இரு தரப்பின் கண்ணியத்தையும் ஒருங்கே காக்க முடியும் என்பதற்கு அவர் ஒருவரே சான்று.

மூல வினாவை அந்தத் தீர்ப்பு தீர்க்கவில்லை. 2023-இல் அதே நீதிமன்றம், திருமண இணையதளம் வடிவமைக்க விரும்பிய ஒருவரை ஒருபால் திருமணத்துக்கு அப்படிச் செய்யும்படி கொலராடோ கட்டாயப்படுத்த முடியாது என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் கூறியது. சொல்லும் வடிவமும் கொண்ட படைப்பு பேச்சாகும் என்பது அதன் காரணம். இந்தச் சலுகை மிகக் குறுகியதாகவே இருக்க வேண்டும். பூ கட்டுவது, நாற்காலி வாடகைக்கு விடுவது, சோறு பரிமாறுவது எல்லாம் கலை என்றும் பேச்சு என்றும் ஆகிவிட்டால், பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் எதுவும் மிஞ்சாது. தென் கரோலினாவில் ஓர் உணவக உரிமையாளர் தம் மத நம்பிக்கையைக் காட்டிக் கறுப்பினத்தவருக்குச் சம சேவை மறுத்தார். 1968-இல் அந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் பரிசீலிக்கவே தகுதியற்றதென ஒதுக்கியது. அவரை எதிர்த்துப் பயன்பட்ட 1964-ஆம் ஆண்டுச் சட்டம், விடுதியிலும் உணவகத்திலும் நிறத்தின் பேரால் மட்டுமல்ல, மதத்தின் பேராலும் ஆளை விலக்கக் கூடாது என்கிறது. சிறுபான்மை மதத்தவருக்குக் கடைவாசலைத் திறந்து வைத்திருப்பதும் அதே விதிதான்.

அரசு அலுவலகத்தில் விடை இன்னும் தெளிவு. 2015-இல் கென்டக்கி மாநிலத்தில் கிம் டேவிஸ் என்ற அலுவலர், ஒருபால் இணையருக்குத் திருமண உரிமம் தர மறுத்து ஐந்து நாள் சிறையில் இருந்தார். அரசின் முத்திரை ஒருவரின் சொந்தச் சொத்தாகாது. ஆயினும் சிறை ஒன்றே வழியாகவும் இல்லை. மறு ஆண்டே அந்த மாநிலம் படிவத்திலிருந்து அலுவலரின் பெயரை நீக்கியது. யூட்டா மாநிலம் 2015-இல் மார்மன் திருச்சபையின் ஆதரவோடு, வீட்டு வாடகையிலும் வேலையிலும் தன்பாலீர்ப்பாளரைப் பாகுபாட்டிலிருந்து காத்தது. மத அமைப்புகளுக்கு விலக்கும் தந்தது. திருமணம் நடத்தி வைக்க மனமுள்ள ஒருவர் ஒவ்வொரு மாவட்டத்திலும் கட்டாயம் கிடைக்க வேண்டும் என்றும் விதித்தது. கேட்டவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை, மனமில்லாதவர் வற்புறுத்தப்படுவதுமில்லை.

வழிபாட்டுத் தலத்தில் நம்பிக்கைக்கே முழு இடம். ஒருபால் திருமணத்தை அனுமதித்த இங்கிலாந்தின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், எந்த மத அமைப்பையும் அதை நடத்தும்படி கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. விரும்பி முன்வரும் குவேக்கர்கள் போன்றோருக்கு வழியும் விடுகிறது.

மதத்தவரிடம் “உன் நம்பிக்கையை வீட்டோடு வைத்துக்கொள்” என்பதும், தன்பாலீர்ப்பாளரிடம் “உன் காதலை வீட்டோடு வைத்துக்கொள்” என்பதும் ஒரே அநீதி. தன்னை மறைக்காமல் வாழ வேண்டும் என்பதே இருவரின் கோரிக்கையும். எனவே வழிபாட்டிலும் சொல்லிலும் மனச்சான்றுக்கு முதலிடம் தருவோம். கடையிலும் விடுதியிலும் அரசு அலுவலகத்திலும் வந்து நிற்கும் மனிதருக்கு முதலிடம் தருவோம். தனக்குக் கேட்கும் சுதந்திரத்தை எதிரே நிற்பவருக்கும் தர முன்வராதவர், அதைக் கேட்கும் தகுதியை இழக்கிறார்.