உட்கார்ந்து செய்யும் வேலை

நம் வீடுகளில் படிக்காத பிள்ளையை அதட்டுவதற்கென்றே ஒரு வாக்கியம் வைத்திருக்கிறோம். "ஒழுங்காகப் படித்தால் நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்கலாம். இல்லாவிட்டால் வெயிலில் நின்று மண் சுமக்க வேண்டியதுதான்." உட்காருவது சுகம், நிற்பது சிரமம் என்ற தீர்ப்பு இதற்குள் ஒளிந்திருக்கிறது. நானும் இதைக் கேட்டு வளர்ந்தவன். வளர்ந்த பிறகு நாற்காலியையும் மேஜையையுமே நம்பிப் பிழைப்பவன். ஆகவே அந்தத் தீர்ப்பைச் சந்தேகிக்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஓர் இரவு முழுவதும் ஒரு லாரியில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரயாணம் செய்த பிறகுதான் தோன்றியது.

சென்னையிலிருந்து கோயமுத்தூருக்குக் குடிபெயர்ந்த சமயம் அது. வீட்டார் முன்னதாகவே ரயிலில் போய்விட்டார்கள். புத்தகப் பெட்டிகளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நான் சாமான் லாரியிலேயே ஏறிக்கொண்டேன். ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் புறப்பாடு. மறுநாள் திங்கட்கிழமை, ஏழரை மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் முதல் சாமானாவது புது வீட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பது வீட்டு உத்தரவு. "நேரத்தோடு சேர்த்துவிட்டால் வாடகைக்கு மேலே ஐந்நூறு ரூபாய் தருகிறேன்" என்று டிரைவரிடம் சொல்லி வைத்தேன். அப்படிச் சொன்னபோது என்னைப் பெரிய தாராளக்காரனாகவே எண்ணிக்கொண்டேன்.

டிரைவர் நாமக்கல் பக்கத்துக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். இருபத்தெட்டு வருஷமாக லாரி ஓட்டுகிறார். அவருடைய சீட்டில் நடுவே துவாரமுள்ள ஒரு ரப்பர் காற்றுத் தலையணை இருந்தது. ஆசாமி சொகுசுக்காரர்தான் என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன். அது மூல நோய்க்காரர்கள் போட்டுக்கொள்ளும் தலையணை என்பது பிறகுதான் தெரிந்தது.

விழுப்புரம் தாண்டியதும் என் கால்கள் மரத்துப்போயின. நான் நெளிவதை அவர் கவனித்துவிட்டார்.

"ஏனுங்க சார், கால் மரத்துப் போச்சுங்களா? தூக்கி மேல மடக்கி வெச்சுக்கோங்க. நீங்க வெச்சுக்கலாமுங்க, நான்தான் வெச்சுக்க முடியாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உளுந்தூர்ப்பேட்டையில் ஒரு டீ குடித்தோம். நான் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டியபோது வேண்டாம் என்று கையை அசைத்தார்.

"தண்ணி குடிச்சா நடுவுல வண்டிய ஓரங்கட்டோணுமுங்க. ஏழரைக்குள்ள சேரோணும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

இதிலும் குற்றம் சாட்டும் தொனி கொஞ்சமும் இல்லை. இரண்டு தடவை சிறுநீரகத்தில் கல் வந்து அவதிப்பட்டதையும், யாருக்கோ நேர்ந்ததைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த இரவுக்குப் பிறகு, இந்த விஷயம் பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழுதியதைத் தேடிப் படித்தேன். 1953ஆம் ஆண்டு ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். லண்டனில் மாடி பஸ்கள் ஓடுகின்றன அல்லவா? அக்காலத்தில் அதில் டிரைவர் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக ஒரு நாளைக்கு ஐந்நூறு படிகளுக்குமேல் ஏறி இறங்குவார். இருவரும் ஒரே பஸ்ஸில் ஒரே புகையைச் சுவாசித்தவர்கள். வாழ்க்கைத் தரத்திலும் பெரிய வித்தியாசமில்லை. ஆயினும் மாரடைப்பு நோய் டிரைவர்களுக்கே அதிகம் வந்தது. திடீர் மரணமும் அவர்களிடையேதான் அதிகம். மாடிப்படி கண்டக்டரைக் காப்பாற்றியது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் மோரிஸ் கூட்டத்தார் யோக்கியமானவர்கள். 1956இல் அவர்களே இருவகைத் தொழிலாளருடைய சீருடை அளவுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். இளம் வயதிலேயே டிரைவர்களின் இடுப்பளவு கண்டக்டர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. அப்படியானால் பருத்த உடம்புக்காரர்கள்தாம் டிரைவர் வேலைக்குப் போகிறார்களோ என்ற கேள்வியும் எழுந்தது. உண்மை அவ்வளவு சுலபமாகக் கைக்குள் அடங்குவதில்லை. ஆயினும் பிறகு உலகெங்கும் நடந்த ஆராய்ச்சிகள், நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது தேகத்துக்குக் கேடு என்ற பக்கமே நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

அதன் காரணம் விளங்காத ரகசியமல்ல. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலிலுள்ள ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அது சும்மா இருந்தால் ரத்தம் கீழேயே தேங்குகிறது, கால் வீங்குகிறது, நரம்பு புடைக்கிறது, சில சமயம் ரத்தம் உறைந்தும் போகிறது. 1940இல் லண்டன்மீது குண்டு விழுந்த காலத்தில், ஜனங்கள் பாதுகாப்பு அறைகளில் இரவெல்லாம் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். குண்டுக்குத் தப்பிய அவர்களில் சிலர் திடீரென்று செத்து விழுந்தார்கள். காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டதே காரணம் என்று கீத் சிம்ப்ஸன் என்ற மருத்துவர் அந்த வருஷமே எழுதினார். உழைக்காத தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையையும் சரியாக வாங்கிக்கொள்வதில்லை. இவற்றோடு லாரியின் ஓயாத அதிர்ச்சி முதுகெலும்பின் அடிவட்டுகளை இடித்துக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் குடிக்காத உடம்பில் கல் சேருகிறது. இத்தனையும் "உட்கார்ந்து செய்யும் வேலை" என்ற நம் சொல்லுக்குள் அடக்கம்.

இங்கேதான் எனக்கு ஒரு தர்மசங்கடம் எழுந்தது. லாரி கவிழ்ந்து டிரைவர் இறந்தால் போலீஸ் வருகிறது, வழக்கு நடக்கிறது, நஷ்டஈடு கேட்கிறார்கள். ஆனால் இருபத்தெட்டு வருஷமாகத் தினமும் ஒரு துளியாக ஒருவருடைய ஆரோக்கியம் குறைந்துகொண்டு வந்தால் அதற்குக் குற்றவாளி யார்? எந்தத் தேதியைக் குறித்து வழக்குப் போடுவது? நோவு தெரிந்த நாளில் செய்தவன் இல்லை. செய்த நாளில் நோவு தெரியவில்லை. இப்படி ஆள் அகப்படாத தீங்கைத் தீங்கு என்று சொல்லலாமா, விதி என்று விட்டுவிடலாமா?

"அவராக விரும்பி ஏற்ற தொழில்தானே, யார் கட்டாயப்படுத்தினார்கள்?" என்று கேட்கலாம். நண்பர் ஒருவர் என்னிடம் அப்படித்தான் கேட்டார். "நீரும் நாளெல்லாம் உட்கார்ந்துதானே எழுதுகிறீர்? உமக்காக யார் கண்ணீர் விடுகிறார்கள்?" என்றும் சேர்த்துக்கொண்டார்.

இந்த இரண்டாவது கேள்விதான் எனக்குத் தெளிவைக் கொடுத்தது. நானும் உட்காருகிறேன், வாஸ்தவம். வாக்கியம் ஓடாவிட்டால் எழுந்து முற்றத்தில் உலாவுகிறேன். தாகம் எடுத்தால் குடிக்கிறேன். முதுகு வலித்தால் படுக்கிறேன். என் நாற்காலி என்னைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. அவருடைய சீட் அவரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நினைத்தபோது எழுந்திருக்கலாம் என்றால்தான் உட்காருவதற்கு ஓய்வு என்று பெயர். எழுந்திருக்க முடியாதவன் உட்கார்ந்திருப்பது ஒரு சுமை. தலையில் சுமக்காததால் நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எழுந்திருக்க விடாமல் அவரைக் கட்டிப்போட்டது எது? சட்டமல்ல. 1961இலேயே நம் நாட்டில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணியாவது ஓய்வு என்று அது விதித்தது. காகிதத்தில் அவருக்கு ஓய்வு உண்டு. அவர் சம்பாத்தியத்தில் அதற்கு இடமில்லை. டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது, நிறுத்துகிற ஒவ்வொரு அரைமணியும் அவர் பையிலிருந்து போகிறது. ஐரோப்பிய நாடுகள் 2006இல் செய்த விதியில், நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்தியாக வேண்டும் என்பதோடு இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்கள். ஓடிய தூரத்துக்கோ சரக்கு சேர்த்த வேகத்துக்கோ ஏற்பப் பணம் கொடுப்பது விதியை மீறத் தூண்டுமானால், அப்படிப் பணம் கொடுப்பதே கூடாது என்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அந்த ஐந்நூறு ரூபாய் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அவர் சம்மதித்தார் என்பது மெய். ஆனால் சம்மதத்துக்கு நான் விலை வைத்தேன். இரவில் ஒரு வாய்த் தண்ணீரும், வழியில் இரண்டு தடவை இறங்கி நடக்கும் பத்து நிமிஷமும் அந்த விலைக்குள் போய்விட்டன. ஆள் அகப்படாத தீங்கு என்று சற்றுமுன் சொன்னேன் அல்லவா? ஆள் அகப்படாததற்குக் காரணம் ஆள் இல்லாதது அல்ல, அநேகம் பேர் இருப்பதுதான். "நாளைக் காலைக்குள் வந்தாக வேண்டும்" என்று சொல்லும் மண்டிக்காரர், அவருக்குப் பின்னால் கடைக்காரர், அவருக்குப் பின்னால் முட்டையும் தக்காளியும் விடிந்ததும் வாசலில் இருக்க வேண்டும் என்கிற நாம். ஆளுக்கு ஒரு துளி அவசரம்தான் போட்டோம். துளித் துளியாகப் போட்டதால் நம்மில் யாருக்கும் கை கறைபட்டதாகத் தெரியவில்லை. பாவத்தைப் பலர் பங்கு போட்டுக்கொண்டால் பங்கு குறையலாம். அனுபவிக்கிறவனுக்குப் பாவம் குறைகிறதா?

அதற்காக லாரிகளை நிறுத்திவிட முடியாது. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. அவசரமில்லாத சரக்குக்கு அவசரம் சொல்லாதிருக்கலாம். ஓய்வு நேரத்துக்கும் சேர்த்துக் கூலி பேசலாம். இது தர்மம் செய்வதாகாது. வாங்கிய பொருளுக்கு முழு விலை கொடுப்பதுதான்.

அன்று கோயமுத்தூருக்குள் நுழையும்போது மணி ஏழு அடித்துப் பத்து நிமிஷம். என் மனைவி வாசலில் நின்று, நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று பூரித்துப் போனாள். டிரைவர் கதவைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். இறங்கியவர் உடனே நடக்கவில்லை. கதவை விடாமல், கால்கள் தரையை நம்பும்வரை சற்று நேரம் அப்படியே நின்றார்.

சாமான்களை இறக்கத் தொடங்கினார்கள். முதலில் இறங்கிய நாற்காலியை நானே தூக்கி வந்து அவருக்கு எதிரில் போட்டேன்.

"ராத்திரியெல்லாம் கஷ்டப்பட்டீர்கள், உட்காருங்கள், காபி வருகிறது."

அவர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சங்கோஜமாகச் சிரித்தார்.

"வேண்டாமுங்க சார். கொஞ்ச நேரம் நிக்கிறேனுங்க."