ஸுஜூதைத் தடுக்கும் சுமை



சில மாதங்களுக்கு முன்னர் வெளியூர்ப் பள்ளிவாசல் ஒன்றில் ஜும்ஆத் தொழும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. ஸஃப்புகளின் ஓரங்களில் நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. அவற்றில் அமர்ந்திருந்தோர் அனைவரும் முதியோர் அல்லர். 40, 45 வயதினரும் இருந்தனர். தொழுகை முடிந்ததும் அவர்களில் ஒருவர் நம்மிடம் வந்து ஸலாம் கூறினார். "ஹஜ்ரத்! என் நெற்றி தரையில் பட்டு இரண்டு வருஷமாகிறது. முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். நான்தான் கேட்கவில்லை" என்றார். சொல்லும்போதே அவர் கண்கள் கலங்கிவிட்டன.

நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம். நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிக் கொடுத்த சலுகை இது. ஆகவே அந்தச் சகோதரரின் தொழுகையில் குறை காண நமக்கு உரிமையில்லை. ஆயினும், அடியான் தன் ரப்பை மிக நெருங்கியிருக்கும் நிலை ஸுஜூது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்களே! அந்தப் பாக்கியத்தை நாமாகவே உண்டு உண்டு இழப்பதா? இந்தக் கேள்வி அன்று முதல் நம் உள்ளத்தை உறுத்திக் கொண்டேயிருக்கிறது.

வைத்தியர்கள் கூறுவது

உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் எட்டிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று 2005-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. 5 கிலோ குறைத்தவரின் முழங்கால், எட்டுக்கு எட்டு 20 கிலோ பாரத்திலிருந்து விடுதலை பெறுகிறது. ஒரு நாளைக்கு நாம் எத்தனை ஆயிரம் எட்டு வைக்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள்!

முழங்காலோடு இது முடிவதில்லை. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, இன்சுலினைச் சரிவர வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. நீரிழிவின் விளிம்பில் நின்றவர்களிடம் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்து, 2002-ல் அதன் முடிவு வெளியாயிற்று. எடையில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைப்பதும், வாரத்திற்கு 150 நிமிடம் நடப்பதும்தான் அவர்களுக்கு இடப்பட்ட இலக்கு. அந்தக் குழுவில் நீரிழிவு வருவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. 80 கிலோ உள்ளவருக்கு 7 பங்கு என்பது ஆறு கிலோ கூட இல்லை!

நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்கு, எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண் 23-க்கு உள்ளே இருப்பது நலம். ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ளவருக்கு இது சுமார் 62 கிலோ. வயிற்றின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டலாகாது. இதை எழுதுமுன் நாமும் நாடாவை எடுத்து நம் வயிற்றை அளந்து பார்த்தோம். நூற்றைத் தாண்டியிருந்தது! எனவே இந்த உபதேசம் முதலில் நமக்கே.

எங்கே தவறினோம்?

முதுகை நிமிர்த்தி நிறுத்தச் சில கவளங்களே மனிதனுக்குப் போதும். அதற்கு மேல் வேண்டுமாயின் வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். தாடியிலும் தலைப்பாகையிலும் சுன்னத்தைத் தேடும் நாம், சோற்றுத் தட்டில் மட்டும் அதை மறந்துவிட்டோம்.

நோன்பு மாதத்தையே பாருங்கள். பேரீச்சம்பழத்தாலும், அது இல்லாவிடில் தண்ணீராலும் நோன்பு திறந்தார்கள் நபியவர்கள். நாமோ கஞ்சியோடு வடை, சமோசா, பஜ்ஜி, சர்பத் என்று தொடங்கி ஸஹர் வரை பந்தியை நீட்டுகிறோம். நோன்பு முடிந்து பெருநாள் வரும்போது எடை கூடியிருக்கிறது! வலீமா விருந்திலோ, போதும் என்று கையை மடக்கும் விருந்தாளியின் ஸஹனில் இன்னும் இரண்டு துண்டு இறைச்சியை வைத்தால்தான் நமக்குத் திருப்தி.

"சோற்றை வீணாக்கலாமா? அது ஹராமாயிற்றே!" என்று பிள்ளைகள் மிச்சம் வைத்ததையெல்லாம் தன் வயிற்றில் போடுகிறார் வீட்டிலுள்ள உம்மா. நல்ல எண்ணம்தான். ஆனால் திருமறை, உண்ணுங்கள், பருகுங்கள் என்று அனுமதித்த அதே இடத்தில் வீண்விரயம் கூடாதென்றும் தடுக்கிறதே! தேவைக்கு மேல் உண்பதும் விரயமே. அளவோடு ஆக்குங்கள், சிறுகச் சிறுகப் பரிமாறுங்கள், மிஞ்சினால் பசித்தவருக்குக் கொடுங்கள். அதுவே சரியான பேணுதல்.

ஏளனம் வேண்டாம்

பருத்த உடலைக் கண்டு கேலி பேசுவது பெரும் பாவம். நோயாலும், மருந்தாலும், பிள்ளைப்பேற்றாலும் எடை கூடுவதுண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள், அன்னையார் வென்றார்கள். பின்னர் அன்னையாரின் உடல் பருத்திருந்த காலத்தில் மீண்டும் ஓடினார்கள். நபியவர்கள் வென்று, அன்றைய தோல்விக்கு இது ஈடு என்று சொல்லி மகிழ்ந்தார்கள். எத்தனை இனிய இல்லறம்! நம் பெண்கள் நடப்பதற்கு நாம் நேரமும் இடமும் தருகிறோமா?

மெலிந்த கால்களைக் கண்டு சிரித்தவர்களும் இருந்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் அந்தக் கால்கள் மீஸான் தராசில் உஹத் மலையினும் கனமானவை என்று நபியவர்கள் அறிவித்தார்கள். நாளை மறுமையில் நிறுக்கப்படும் எடை அதுவே!

இன்றே தொடங்குவோம்

பட்டினி கிடந்து உடலை வதைக்க வேண்டியதில்லை. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டென்பது நபிமொழி. இன்னும் கொஞ்சம் உண்ணலாமே என்றிருக்கும்போதே கையை எடுப்போம். பள்ளிக்கு வண்டியை விட்டு நடந்து செல்வோம். ஒவ்வோர் எட்டுக்கும் நன்மையும் உண்டு. திங்கள், வியாழன் நோன்புகளைப் பேணுவோம். நீரிழிவு மருந்து உண்போர் மட்டும் வைத்தியரைக் கேட்டே நோன்பு வைக்க வேண்டும்.

சென்ற மாதம் அந்தச் சகோதரர் தொலைபேசியில் பேசினார். 4 கிலோ குறைந்திருக்கிறதாம். "இன்னும் நாற்காலியில்தான் ஹஜ்ரத், ஆனால் வீட்டில் முழங்காலை மடக்கிப் பழகுகிறேன், துஆச் செய்யுங்கள்" என்றார்.

நீங்களும் அவருக்காகத் துஆச் செய்யுங்கள். கடைசி மூச்சு வரை தரையில் நெற்றி வைத்துத் தன்னை வணங்கும் ஆற்றலை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.