யார் வீட்டுக்கு?

துர்க்மெனிஸ்தானுக்குச் சுற்றுலாப் போக வேண்டுமென்றால், அந்த நாட்டுக்குள் இருக்கும் ஒருவர் முதலில் நம்மை அழைக்க வேண்டும். அரசு அனுமதி பெற்ற ஒரு டூர் ஏஜென்சி நம் பாஸ்போர்ட் நகலையும் புகைப்படத்தையும் பயணத் திட்டத்தையும் வாங்கி அங்குள்ள குடிவரவுத் துறையிடம் கொடுக்கிறது. துறை சம்மதித்தால் அழைப்புக் கடிதம் வரும். அதைக் காட்டினால் அஷ்காபாத் விமான நிலையத்திலேயே விசா கொடுத்துவிடுவார்கள். சம்மதிக்காவிட்டால் காரணம் சொல்ல மாட்டார்கள். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

என் தாள்கள் போய்விட்டன. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. இவை காத்திருக்கும் நாட்களின் குறிப்புகள்.

*

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தெருவில் புதுமுகம் ஒன்று நடந்துபோனால், திண்ணையில் இருக்கும் பெரியவர் கேட்பார்: "யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?" பெயரும் ஊரும் பிறகுதான். ஒரு வீட்டைச் சொல்லிவிட்டால் அவர் முகம் தளர்ந்துவிடும். அதன்பின் அந்த விருந்தாளி என்ன செய்தாலும் பதில் சொல்ல வேண்டியது அந்த வீடு.

அழைப்புக் கடிதம் கேட்பதும் இதைத்தான். நான் அங்கே எதையாவது தவறாகப் படம் பிடித்தால், போகக்கூடாத தெருவில் போனால், கேள்வி முதலில் என்னிடம் வராது. என்னை அழைத்தவரிடம் போகும். கடிதத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் பார்த்திராத அந்த மனிதர் நினைவுக்கு வருகிறார்.

*

சுற்றுலா விசாவில் போனால் வழிகாட்டி ஒருவர் கூடவே வருவார். அவர் இல்லாமல் போக ஒரே வழியாகப் பல காலம் இருந்தது டிரான்சிட் விசா. சில நாட்களே செல்லும். நுழையும் இடமும் வெளியேறும் இடமும் முன்பே எழுதப்பட்டிருக்கும். ஈரானிலிருந்து உஸ்பெகிஸ்தான் போகும் சைக்கிள் பயணிகள் இதை நம்பியே வந்தார்கள். கிடைத்தவர்கள் சுமார் 500 கிலோமீட்டர் பாலைவனச் சாலையை ஐந்தே நாட்களில், எதிர்க்காற்றில் மிதித்துக் கடந்தார்கள். ஒன்றாக விண்ணப்பித்த இரு நண்பர்களில் ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்கு மறுக்கப்பட்ட கதைகள் அவர்களிடம் நிறைய உண்டு.

காரணம் தெரியாத மறுப்பை மனம் தன் பக்கமே திருப்பிக்கொள்கிறது. பெயரா, தொழிலா, முன்பு போன நாடுகளா என்று தன்னையே விசாரிக்கத் தொடங்குகிறது. இந்த விசாரணையை நான் நிறுத்திவிட வேண்டும். தாளைப் பார்த்த அதிகாரிக்கு என்னைத் தெரியாது.

*

அந்த நாட்டில் எரிந்துகொண்டிருக்கும் தர்வாசா எரிவாயுப் பள்ளத்தைப் பார்க்கவே பலரும் போகிறார்கள். சுமார் 70 மீட்டர் அகலம். அதை அணைக்கச் சொல்லி 2022-இல் அதிபர் உத்தரவிட்டார். இப்போது தீ முன்பைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. எனக்கு அதில் பெரிய ஆவல் இல்லை.

நான் போக நினைப்பது மெர்வ்.

பட்டுப்பாதையின் மாநகரம். அங்கே புது ஊர் பழைய ஊரின் மேல் எழவில்லை. எர்க் காலா, கியாவூர் காலா, சுல்தான் காலா என்று ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றாகக் கட்டிக்கொண்டே போனார்கள். அதனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தை அங்கே பக்கவாட்டில் நடந்து கடக்கலாம். 12-ஆம் நூற்றாண்டின் சுல்தான் சஞ்சர் கல்லறை இன்றும் நிற்கிறது. 1999-இல் யுனெஸ்கோ மெர்வை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாக்கூத் அல்-ஹமவி என்ற புவியியலாளர் அங்கே தங்கியிருந்தார். கிரேக்க வம்சத்தில் பிறந்து, சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, பின் விடுதலையாகி, ஊர் ஊராக அலைந்து புத்தகப் பிரதிகள் விற்றவர். மெர்வில் பத்து நூலகங்கள் இருந்ததாக எழுதியிருக்கிறார். அவற்றிலிருந்து எடுத்த இருநூறு தொகுதிகள் எப்போதும் தன் வீட்டில் இருக்கும் என்றும், பெரும்பாலானவற்றுக்குப் பிணைப்பணம் எதுவும் கேட்கவில்லை என்றும் சொல்கிறார். உலக ஊர்களை அகரவரிசைப்படுத்திய தன் பேரகராதிக்கு அந்த நூலகங்களில்தான் செய்தி திரட்டினார். மங்கோலியப் படை நெருங்கவே அவர் மேற்கே தப்பி ஓடினார். 1221-இல் மெர்வ் அழிக்கப்பட்டது.

வெளியூரிலிருந்து வந்த ஒருவன் கையில், பெரும்பாலும் ஈடு எதுவும் வாங்காமல், இருநூறு புத்தகங்களைக் கொடுத்தனுப்பிய ஊர். அந்த மண்ணில் கால் வைக்கத்தான் இப்போது அழைப்புக் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன். இந்த ஒரு செய்தியோடு சில நாட்களாக உட்கார்ந்திருக்கிறேன். வருத்தம் அதிகம், ஆனாலும் அப்படி ஓர் ஊர் இருந்தது என்பதில் ஆறுதலும் இருக்கிறது.

*

1948 அக்டோபர் 6 அதிகாலையில் அஷ்காபாத் நிலநடுக்கத்தில் இடிந்தது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைச் சோவியத் அரசு வெளியே சொல்லவில்லை. தாயையும் சகோதரர்களையும் அதில் இழந்த சிறுவன் ஒருவன் அனாதை விடுதியில் வளர்ந்தான். பெயர் சபர்முராத் நியாசோவ். 1991-இல் நாடு விடுதலை அடைந்தபோது அவர்தான் அதிபர். 2006-இல் இறக்கும்வரை அவர்தான். ஏப்ரல் மாதத்துக்குத் தன் தாயின் பெயரை வைத்தார். நாட்டின் கதவைச் சாத்தினார். தலைநகரை வெள்ளைப் பளிங்கால் கட்டத் தொடங்கினார். பின்வந்தவர் அதைத் தொடர, 2013-இல் 543 பளிங்குக் கட்டடங்கள் என்று கின்னஸ் பதிவு செய்தது.

அந்தச் சிறுவனுக்காக மனம் இளகுகிறது. ஒரு தேசம் முழுவதும் அவன் துயரத்துக்குள் வாழ நேர்ந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

*

இன்று காலை உறைத்தது: சாத்திய கதவுக்கு இரண்டு பக்கம்.

துர்க்மெனியர் நாட்டை விட்டு வெளியே போகவும் ஒரு காலத்தில் விசா வேண்டியிருந்தது. 2004-இல் அதை நீக்கினார்கள். அதன் பிறகும் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தும் விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பற்றி மனித உரிமை அமைப்புகள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. அவர்களுக்கும் காரணம் சொல்லப்படுவதில்லை. துருக்கிக்கு விசா இல்லாமல் போய் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் ஏராளம். 2022-இல் அந்த வழியும் அடைபட்டது, அதுவும் துர்க்மெனிஸ்தான் கேட்டுக்கொண்டதால்.

எனக்கு மறுத்தால் ஒரு பயணம் போகும். அவர்களுக்கு மறுத்தால் மகளின் படிப்பு போகும், தாயின் வைத்தியம் போகும்.

*

கடிதம் இன்னும் வரவில்லை. வழிகாட்டியிடம் கேட்க ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தேன். அதில் பாதியை அடித்துவிட்டேன். மீதி மெர்வைப் பற்றியும், அந்த நாட்டு முலாம்பழங்களைப் பற்றியும், அகால்-தெக்கே குதிரைகளைப் பற்றியும்.

இந்த நாட்டுக்கு விசா வாங்கிப் போகிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வழிகாட்டியிடம் அதிபரைப் பற்றிக் கருத்துக் கேட்காதீர்கள். அவராகவே ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பிய பின் அதை அவர் பெயர் போட்டு எழுதாதீர்கள், அவர் படத்தை எங்கும் வெளியிடாதீர்கள். நாம் விமானம் ஏறிய பிறகும் நமக்காகப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.