பூருவின் சுமை

கோயம்புத்தூரில் வசிக்கும் என் தமையனார் மகன், தன் காரில் இருந்த 300 வாட் ஒலிச் சாதனத்தை நீக்கிவிட்டு 3000 வாட் ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு பெரிய சப்-ஊஃபர்களையும் பொருத்திய சில தினங்களுக்குள், பாட்டில் கனத்த தாளம் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கி மங்கி எரிவதைக் கண்டு கலங்கி, ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனபோது நானும் உடன் சென்றிருந்தேன். இன்னொரு பேட்டரி வைத்துவிட்டால் போதாதா என்று அவன் கேட்டதற்கு, "தம்பி, பேட்டரி சேர்த்து வைக்கும், உண்டாக்காது. தொட்டியைப் பெரிசாக் கட்டினா கிணத்துல ஊத்து கூடுமா? டைனமோவைத்தான் மாத்தணும்" என்று அவர் சொன்ன விடை, தொழில்முறையில் முற்றிலும் சரியானது, ஆயினும் அந்த விடைக்குப் பின்னால் வேறொரு வினா மறைந்திருப்பதாக எனக்குத் தோன்றியது.

ஸ்பீக்கர்களுக்கு 3000 வாட் தருவதற்கு, உட்கொள்வதில் ஐந்தில் நான்கு பங்கைப் பயனாக்கும் நல்ல ஆம்ப்ளிஃபயரும் 3750 வாட்டைக் கேட்கும். 14 வோல்ட்டில் அது ஏறக்குறைய 270 ஆம்பியர். எலக்ட்ரீஷியன் டைனமோ என்று குறிப்பிட்ட ஆல்டர்னேட்டரோ, சிறு காரோடு வருவதானால் 80 ஆம்பியர் அளவில் நின்றுவிடும். ஆகவே 300 ஆம்பியர் தரும் பெரிய ஆல்டர்னேட்டரை மாட்டுகிறார்கள். சிலர் இரண்டாவதொன்றையும் சேர்க்கிறார்கள். ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும், பேட்டரிக்கும் பாடிக்கும், இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே பருத்த தாமிரக் கம்பிகளை இழுக்கிறார்கள். விளக்கு மங்குவது நின்றுவிடுகிறது. குறை தீர்ந்தது என்று வண்டிக்காரன் மகிழ்கிறான்.

உண்மையில் தீர்ந்ததா, இடம் மாறியதா?

அந்நாளில் சைக்கிள் ஓட்டிய எவரும் இதற்கு விடை அறிவர். பகலில் லேசாகச் சுழன்ற பெடல், இரவில் டைனமோவை டயரோடு சாய்த்து விளக்கை ஏற்றியவுடன் கனத்துப் போகும். ஒளியின் விலை என்ன என்பதைத் தொடை உடனே உணர்ந்துவிடும். காந்தத்தின் அசைவிலிருந்து மின்சாரம் பிறப்பதை ஃபாரடே 1831-ல் கண்டறிந்தார். அவ்வாறு பிறந்த மின்சாரம் தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்த்து நிற்கும் என்ற நியதியை 1834-ல் லென்ஸ் வகுத்துரைத்தார். எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு பாரம் எடுக்கப்படும் இடத்தில் ஏறுகிறது. ஆல்டர்னேட்டர் தான் வாங்கும் உழைப்பில் பாதிக்குச் சற்றே மிகுந்த பங்கைத்தான் மின்சாரமாக்குமாதலால், அந்த 3750 வாட்டுக்காக இன்ஜின் ஏறத்தாழ ஒன்பது குதிரைத்திறனைப் பெல்ட்டின் வழியே கொடுத்தாக வேண்டும். அந்த இன்ஜினோ, பெட்ரோலின் வெப்பத்தில் பெரும்பகுதியைப் புகையாகவும் சூடாகவும் இழந்துவிட்டு எஞ்சியதிலிருந்து கொடுக்கிறது.

இல்லாத பொருள் எதுவும் புதிதாகத் தோன்றுவதில்லை, காரியம் காரணத்துள் முன்னமே அடங்கியிருக்கிறது என்னும் சற்காரிய வாதத்தைச் சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் ஒப்புக்கொண்டனர். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்ட சக்கரங்கள் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சித்தாந்திகள் வகுத்த முறையில் வைத்துப் பார்த்தால், ஆல்டர்னேட்டர் எவ்வளவு பெரிதாயினும் சக்கரமேயன்றி மண் ஆகாது. நிமித்த காரணம், ஸ்டியரிங் அருகே அமர்ந்து குமிழைத் திருகும் விரல்.

யயாதியின் கதையை நான் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சுக்கிராசாரியரின் சாபத்தால் அகாலத்தில் மூப்படைந்த அந்த அரசன், போகத்தில் ஆசை தீராமையால் புத்திரர்களிடம் யௌவனத்தை யாசிக்க, நால்வர் மறுத்துவிட, கடைசி மகனாகிய பூரு தன் இளமையைத் தந்து தந்தையின் முதுமையைத் தான் ஏற்றுக்கொண்டான். ஆயிரம் ஆண்டு அநுபவித்த பிறகும் ஆசை தணியக் காணோம் என்று யயாதி விரக்தியடைந்ததைத்தான் கதாப்பிரசங்கிகள் விரித்துரைப்பார்கள். எனக்கோ அந்த ஆயிரம் ஆண்டும் நரை திரையோடு மூலையில் இருந்த பூருவே கண்முன் நிற்கிறான். ஒருவனுடைய போகம் உலகத்தில் எங்கோ ஒரு முதுகின்மேல் ஏறியே வருகிறது. நாம் செய்யும் உபாயங்களில் பெரும்பாலானவை, அந்த முதுகு நம் கண்ணில் படாதபடி மறைப்பவை. விளக்கு மங்கிய காலத்திலாவது வண்டி தன் சிரமத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவ்வளவு பாரம் ஏற்றியும் செவிக்குக் கிடைத்தது எவ்வளவு? லைப்சிக் நகரில் பேராசிரியராயிருந்த ஃபெக்னர், சூரியனை வண்ணக் கண்ணாடி வழியே நோக்கி ஆராய்ந்ததில் கண் கெட்டுச் சில ஆண்டுகள் இருட்டறையில் வாழ நேர்ந்தவர். உடலுக்கும் உள்ளத்துக்கும் உள்ள சம்பந்தத்தை அளவிட இயலுமா என்று ஏங்கிய அவருக்கு, 1850 அக்டோபர் 22 காலையில் படுக்கையிலேயே ஒரு விடை உதயமாயிற்று. 1860-ல் அதை நூலாக வெளியிட்டார். வெளித்தூண்டுதல் பெருக்கல் முறையில் வளர்ந்தால்தான் உள்ளுணர்ச்சி கூட்டல் முறையில் வளரும் என்பது அதன் சாரம். செவியைப் பொறுத்தவரை, சக்தி பத்து மடங்கானால் 10 டெசிபல் ஏறுகிறது. கேட்பவனுக்கு அது சுமார் இரு மடங்காகவே படுகிறது. 300 வாட்டிலிருந்து 3000 வாட்டுக்குத் தாவிய என் தமையனார் மகன் பெற்ற லாபம் இவ்வளவே. இனி அவன் 6000 வாட்டுக்குப் போவானாகில் 3 டெசிபல் கிட்டும். ஆசை தணியாது என்று பெரியோர் சொன்னதை வைராக்கிய உபதேசம் என்றே இளமையில் எண்ணியிருந்தேன். நம் இந்திரியங்களின் அமைப்பிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது என்பதை இப்போது காண்கிறேன்.

நாதத்தை நான் வெறுப்பவனல்லன். நாதத்தைத் தத்துவங்களின் தலையில் வைத்துப் பூசித்த சமயத்தில் பிறந்தவன் எவனும் அதை வெறுக்க இயலாது. திருவிழா இரவுகளில் நாதஸ்வரம் நான்கு வீதிகளுக்கும் கேட்டதுண்டு. ஆனால் அந்த ஓசையின் விலையை வாசித்தவரே தம் மூச்சால் செலுத்தினார், எந்த நேரத்தில் எவ்வளவு போதும் என்பதை அவர் மார்பு அறிந்திருந்தது. பெரிய ஆல்டர்னேட்டர் பாவம் என்று நான் சொல்லவரவில்லை. உள்ளபடி பார்த்தால், பேட்டரிகளை அடுக்கிச் சில நிமிஷங்களுக்கு ஏமாற்றிக்கொள்வதைவிட, ஊற்றையே பெருக்க முனைபவன் நேர்மையானவன். சுமப்பவனை அறிந்து எடுக்கிறானா என்பதொன்றே என் கேள்வி. அச்சுமை இன்ஜினோடு முடிவதில்லை. வீட்டில் உறங்கும் குழந்தையின்மீதும், நோயாளியின்மீதும் அது வந்து விழுகிறது. குடியிருப்புப் பகுதியில் இரவுக்கு 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு கட்டியதும் அவர்கள் பொருட்டே.

புதிய ஆல்டர்னேட்டரை மாட்டுமுன் என் தமையனார் மகனிடம் நான் கேட்டுக்கொண்டதை வாசகரிடமும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மாலையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பானெட்டின்மேல் ஒரு கையை வைத்துக்கொள்ளுங்கள்; உள்ளே இருப்பவரைப் பாட்டைத் திடீரென்று முழு அளவுக்கு உயர்த்தச் சொல்லுங்கள். இன்ஜின் ஒரு கணம் தாழ்ந்து, பிறகு தன்னைச் சமாளித்துக்கொள்ளும். அந்தத் தாழ்ச்சியைக் கையால் உணர்ந்த பிறகு, எத்தனை ஆம்பியர் வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள்.