கேட்டதைப் பரப்பாத தேனீ



மழைக்காலம் வந்தால் நம் பீர்க்கன்கரணையில் தண்ணீர் வருவதற்கு முன்பே வாய்ஸ் மெசேஜ் வந்துவிடும். "ஏரி உடைஞ்சிருச்சு, உடனே வெளியேறுங்க!" பேசுவது யார், எந்த ஏரி, எந்த வருடம்? ஒன்றும் தெரியாது. பத்து குரூப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் ஜன்னலைத் திறந்து பார்க்கிறோம்.

ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்லாஹ் (6:38) கூறுகிறான். அந்தச் சமுதாயங்களில் செய்தி எப்படிப் பரவுகிறது?

தேனீயைப் பாருங்கள். கூடு பிரிந்த கூட்டம் மரக்கிளையில் தொங்கும். சில நூறு தேனீக்கள் மட்டும் புது இடம் தேடிப் போகும். நல்ல பொந்தைக் கண்டது திரும்பி வந்து ஆடும். திசையும் தூரமும் அந்த ஆட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் சீலி இதைப் பல ஆண்டுகள் கவனித்தார். ஆட்டத்தைப் பார்த்த தேனீ உடனே தானும் ஆடுவதில்லை. பறந்து போய்ப் பொந்துக்குள் நுழைந்து அளந்து பார்க்கிறது. மனதுக்குப் பிடித்தால்தான் வந்து ஆடுகிறது. ஒரே பொந்தில் ஒரே நேரத்தில் இருபது முப்பது தேனீக்கள் கூடிய பிறகே மொத்தக் கூட்டமும் கிளம்பத் தயாராகிறது.

ஸுலைமான் (அலை) அவர்களிடம் ஹுத்ஹுத் பறவை ஸபஃ நாட்டுச் செய்தியை உறுதியானது என்று சொல்லியே கொண்டு வந்தது. ஆனாலும் அவர்கள் அப்படியே ஏற்கவில்லை. நீ சொல்வது உண்மையா பொய்யா என்று பார்க்கிறோம் என்றார்கள் (27:27). ஒரு நபி, தம் படையிலுள்ள பறவையிடமே இப்படி! நாமோ முகம் தெரியாதவரின் ஃபார்வர்டுக்கு ஸனது கேட்பதில்லை.

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குப் போன குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்து ஊரே அடித்தது. ஒரு வயதான அம்மா இறந்தார். குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் நடந்தது. அதற்கு முன் வாட்ஸ்அப்பில் பரவியிருந்தது வதந்தி. அனுப்பியவர்களில் தொழுகையாளிகளும் இருந்திருக்கலாம்.

"அப்படியானால் ஏரி உண்மையிலேயே உடைந்தால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2015 டிசம்பரில் பக்கத்து முடிச்சூரில் தெருவில் படகு ஓடியது. ஸுலைமான் நபியின் படையைக் கண்ட எறும்பு எச்சரித்தபோது (27:18), மற்ற எறும்புகள் விசாரிக்கக் கிளம்பியிருந்தால் மிதிபட்டிருக்கும். ஆகவே பிள்ளைகளை மாடிக்கு ஏற்றுங்கள், தப்பில்லை. அது உங்கள் வீட்டோடு போகும். மெசேஜை மட்டும் கையில் நிறுத்தி வையுங்கள். ஏரிக்கரையோரம் குடியிருக்கும் சகோதரர்கள் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள், ஒரு போன் போட்டு, "பாய், நீங்க கண்ணால பார்த்தீங்களா?" என்று கேளுங்கள்.