யார் வீட்டுப் பாட்டு?

மரண கானாவை ஹெட்போனில் கேட்பது சரியா? என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் போகும் பஸ்ஸில் தினமும் கேட்கிற ஆள் நான், நானாகத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

கானாவில் காதல், கிண்டல், ஜெயில், சாமி எல்லாத்துக்கும் பாட்டு உண்டு. சாவு வீட்டுக்கென்று இருப்பது மரண கானா. பிணம் எடுப்பதற்கு முந்தைய ராத்திரி, தெருவில் பந்தல் போட்டு, டோலக்கு தட்டி விடிய விடியப் பாடுவார்கள். பாடகருக்குப் பெரும்பாலும் செத்தவரைத் தெரிந்திருக்காது. பேர் என்ன, எத்தனை பிள்ளைங்க, என்ன தொழில் என்று ஓரமாக விசாரித்து, கைவசமிருக்கும் மெட்டில் கோத்துவிடுவார். அந்தப் பேர் மைக்கில் வந்ததும், அதுவரை கல் மாதிரி உட்கார்ந்திருந்த மகள் உடைந்து அழுவாள். காசு வாங்கிப் பாடுவது பொய் துக்கம் இல்லையா என்பார்கள். கொத்தனாருக்கு வீட்டுக்காரர் மேல் பாசம் எதுக்கு? சுவர் நிக்கணும், அவ்ளோதான்.

எனக்குச் சிக்கல், பாட்டு தெருவைவிட்டு வெளியேறும்போது. 90களில் தேவா கானாவை சினிமாவுக்குள் கொண்டுபோனார். 2006இல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் பாடினார். 2018 ஜனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியது. அதில் பாடிய ராயபுரத்து இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். இதெல்லாம் சந்தோஷம்தான். அவை ஊருக்கென்றே பாடியவை. இங்கிலாந்தின் விகன் கேசினோவில் 1973 முதல் 1981 வரை, அமெரிக்காவில் விலைபோகாத சோல் ரெக்கார்டுகளைத் தேடிப்பிடித்து ராத்திரியெல்லாம் ஆடினார்கள். அந்த ரெக்கார்டுகள்கூட விற்பதற்காகப் போட்டவை.

நான் கேட்கும் பாட்டில் ஒரு பையன் செத்திருக்கிறான். அவன் அம்மா பேர் எனக்குத் தெரியும். அந்தப் பேர் வரும் இடத்தில்தான் குரல் ஏறி உடைகிறது. அதனாலேயே பின்னால் தள்ளித் தள்ளி அங்கேயே போகிறேன்.

“போடா, நாலு பேர் வாய்ல பேர் நிக்கட்டும்னுதானே பாடவே வெச்சாங்க” என்றான் நண்பன். நியாயம்தான். சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி ஒரு மழைக்குத் தாங்காது. ஆனால் தெருவில் கேட்டவர்கள் மாலையோடு வந்தார்கள், கண்விழித்தார்கள், பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். நான் டேட்டா மட்டும் போடுகிறேன்.

போன மாசம் அந்த வீடியோவை யாரோ எடுத்துவிட்டார்கள். நான் டவுன்லோடு பண்ணியது போனில் இன்னும் இருக்கிறது.