கோட்டானும் கைதிகளும்

போர் விமானமொன்றின் மாதிரியுருவைச் செய்தல் குற்றமாகுமா என்று எவரேனும் கேட்டிருந்தால், சில மாதங்களுக்கு முன்னர் நாம் சிரித்திருப்போம். எமது மாணவன் ஒருவனுக்கு ஜேர்மனியில் வாழும் அவன் மாமன் அனுப்பிய பெட்டி அச்சிரிப்பை அடக்கிற்று. ஹிட்லரின் விமானப்படை இரவுப் போருக்கெனப் பயன்படுத்திய ஹைங்கல் 219 விமானம், நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சிறுத்து, பிளாஸ்டிக் துண்டுகளாக அதனுட் கிடந்தது. ‘கோட்டான்’ என்பது அதன் பட்டப்பெயர். பள்ளி விட்டபின் அவனும் நாமுமாக ஒட்டத் தொடங்கினோம்.

இவ்வேலை கையையும் கண்ணையும் ஒருங்கே ஆள்வது. சட்டத்திலிருந்து துண்டை வெட்டி, பிசிரை அராவி, பொருத்திப் பார்த்து, மீண்டும் அராவ வேண்டும். மூக்கினுள் ஈயம் வைக்காவிடின் விமானம் வாலை ஊன்றிக் குந்திவிடும். இரவு விமானம் கரியதாயிருக்கும் என்றே எண்ணியிருந்தோம். இரவு வானிலுங்கூடக் கருமை தனித்துத் தெரியுமாதலால் வெளிர்நீலச் சாம்பல் பூசினராம். மூக்கிலே மான்கொம்பு போன்ற றேடார்க் கம்பிகள். முதுகிலே மேல்நோக்கிச் சரிந்த இரு பீரங்கிகள். எழுவர் செல்லும் லங்காஸ்டர் விமானத்தின் அடிவயிற்றின்கீழ்ப் புகுந்து, இறக்கையிலுள்ள எரிபொருட் தாங்கியைச் சுடுவதற்கானவை அவை. அவற்றை ஒட்டும்போது மாணவன் கேட்டான்: “இதால ஆரைச் சேர் சுட்டவை?”

இலகுவான விடை எம்மிடம் இருக்கவில்லை. 1943 யூன் 11 இரவு வேர்னர் ஷ்ட்றைப் என்னும் விமானி, இவ்வகை விமானமொன்றில் ஏறி ஐந்து குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தினான். நகரங்களை எரிக்கச் சென்ற விமானங்கள் அவை. அடுத்த மாதம் ஹம்பேர்க் எரிந்தபோது 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர், குழந்தைகளும் பலர். பதுங்குகுழிக்குள் ஒடுங்கிய பிள்ளைப்பருவம் எமக்கும் உண்டு. மேலே இரைந்த விமானத்தை எவனாவது வீழ்த்தமாட்டானா என்று ஏங்கினோமேயன்றி, வீழ்த்துபவன் எத்தகையவன் என ஆராயவில்லை. ஆயினும் ஹம்பேர்க்கின் குழந்தைக்குக் காவலாய் நின்ற அதே பீரங்கி, ஒஷ்விற்ஸின் புகைபோக்கிக்கும் காவலாய் நின்றது. இரண்டையும் ஒருசேர மனத்திற் கொள்ளல் கடினம்.

எம்மை அதனினும் உறுத்தியது வேறொன்று. இக்கலையில் ஈடுபட்டோர் நுணுக்கத்துக்கு அடிமைகள். சாம்பல் நிறம் ஒரு சாயல் பிழைத்தாலும் பொறார். தறையாணிகளை எண்ணிப் பார்ப்பர். உண்மைமீதான இப்பற்றை நாம் எள்ளவில்லை. (வகுப்பறையில் இதிற் பாதி இருந்தால் எமது தொழில் எவ்வளவோ இலகுவாகும்.) ஆனால் அந்த ஆணியை அறைந்த கை யாருடையது என்ற இடத்தில் அப்பற்று நின்றுவிடுகிறது. வியன்னாவுக்கு அருகே ஷ்வெஹாற்றில் இவ்விமானம் செய்யப்பட்டது. 1943 ஆகஸ்டில் மௌத்தௌசன் வதைமுகாமின் கிளையொன்று அங்கே அமைக்கப்பட்டது. கைதிகள் ஹைங்கல் ஆலைக்காக உழைத்தனர். 1944இல் நேசநாட்டுக் குண்டுகள் விழுந்தபோது அவர்களும் மாண்டனர். அவ்விடத்தில் இன்று வியன்னாவின் விமான நிலையம் இருக்கிறது.

பெட்டியோடு வந்த தாளில் எந்திரத்தின் வலு உண்டு, பீரங்கியின் அளவு உண்டு; இவர்கள் இல்லை. ஜேர்மன் சட்டம் தடுப்பதால் வாலிலிருந்த நாசிச் சின்னமும் இல்லை. சின்னத்தை அகற்றிவிட்டால் பொருள் தூய்மையாகிவிடுமா? பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பை மறைக்கும் என மார்க்ஸ் காட்டியதை, நாம் தேயிலைக்கும் சீலைக்குமே பொருத்திப் பழகியிருந்தோம்.

‘இதைத் தூக்கி எறியுங்கள், பிள்ளைக்குப் போர்வெறி வரும்’ என்றார் ஆசிரிய நண்பர் ஒருவர். நாம் இணங்கவில்லை. பெட்டி வந்திராவிட்டால் அவனும் ஷ்வெஹாற்றை அறியான், நாமும் அறியோம்.

றேடார்க் கம்பிகள் இன்னும் ஒட்டப்படவில்லை. மாணவன் அவசரப்படுகிறான். அக்கைதிகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வா, பின்னர் ஒட்டுவோம் என்றிருக்கிறோம். நேற்று அரைப்பக்கம் கொண்டுவந்தான்.